ஜெராக்ஸ் அக்கா பந்தயத்துக்கு நேரம் பார்த்த கதை

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அந்தத் தெருவில் யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். எல்லோருக்கும் அவள் ஜெராக்ஸ் அக்கா. அவளைவிட இருபது வயது மூத்த தபால்காரருக்கும் அக்காதான். முதலில் சங்கடமாக இருந்தது, பிறகு அவர் வாயில் வேறு ஏதாவது வந்தால்தான் சங்கடம் என்றாகிவிட்டது.

கடை என்று சொன்னால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நடுவில் நின்று கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். ஒரு பெரிய ஜெராக்ஸ் மிஷின், ஒரு கலர் பிரிண்டர், பைண்டிங் போடும் இரும்புக் கருவி, காலுக்கடியில் ஏதாவது ஒரு அட்டைப்பெட்டி. தாள் சிக்கிக்கொண்டால் ஆள் கூப்பிட மாட்டாள். பக்கவாட்டுக் கதவைத் திறந்து முழங்கை வரை உள்ளே விட்டு, கன்றுக்குட்டியை வெளியே இழுப்பவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு இழுப்பாள். வந்தபிறகு, "பாத்தியா, வந்துட்டான்!" என்று வாடிக்கையாளரிடம் காட்டிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு மூன்று கடை தள்ளிக் கேட்கும்.

பள்ளிப்படிப்போடு நிறுத்தியவள். தட்டச்சு கற்றாள், ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டாள், கடை போட்டாள். இந்த இருபது வருடத்தில் ஊரில் யார் என்ன படித்தாலும் அது அவள் விரல் வழியாகத்தான் போயிற்று. இயற்பியல், கணக்கியல், நர்சிங், சட்டம். அவள் பார்த்தது ஓரம் வெட்டுப்படாமல் விழுந்திருக்கிறதா, மை சரியாக இருக்கிறதா என்பதை மட்டும். எதையும் படித்ததில்லை. அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை, வேலை இருந்துகொண்டே இருந்தது.

அவள் வாழ்க்கையில் புது விஷயம் ஒன்று நுழைந்தது நாத்தனார் வழியாக. நாத்தனார், அதாவது டிரைவரின் அக்கா, உயர்நிலைப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும் என்பதால் ஊருக்கு அவர் விசில் டீச்சர். ஊர் ஓட்டக்காரர் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். வருடம் ஒருமுறை அவர்கள் நடத்தும் பத்து கிலோமீட்டர் ஓட்டம் போன வருடம் பெரிய ரகளையில் முடிந்திருந்தது. முடிவுக் கோட்டில் பத்துப்பதினைந்து பேர் கும்பலாக வந்து விழ, எண்களை எழுத உட்கார்ந்தவர்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்றாம் பரிசுக்கு இரண்டு பேர் மேடையேறி நின்றுகொண்டார்கள். இருவர் வீட்டாரும் சேர்ந்து விசில் டீச்சரைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள்.

அதனால் இந்த வருடம் டீச்சர் ஒரு காலைப்பொழுதில் ஆட்டோ நிறையப் பெட்டிகளோடு கடை வாசலில் வந்து இறங்கினார்.

"நெஞ்சுல குத்துற நம்பர் தாள் நீதானே அச்சடிக்கப் போற?"

"ஆமா அண்ணி."

"அப்ப இதையும் சேர்த்துப் பாத்துக்கோ. ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலயும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டணும். ரோட்டுல பாய் மாதிரி ஒண்ணு விரிப்பாங்க. ஓடுறவங்க அதைத் தாண்டினா கம்ப்யூட்டர்ல பேரும் நேரமும் தானா வந்துடும். ஆர்.எஃப்.ஐ.டி.ன்னு சொல்றாங்க. ரேடியோ அலையை வச்சு ஆளைக் கண்டுபிடிக்கிறது."

"எனக்கு இதெல்லாம் என்ன தெரியும் அண்ணி?"

"எனக்கு மட்டும் தெரியுமா? மிஷின் வயித்துக்குள்ள கையை விடுற தைரியம் நம்ம குடும்பத்துல உனக்குத்தான் இருக்கு. கம்பெனிக்காரர் வெளியூர்ல இருக்கார். போன்ல கேட்டுக்கோ. பந்தயத்துக்கு முந்தின நாள் வந்துடுவார்." விசில் டீச்சர் உத்தரவு போட்டுவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. ஆட்டோ போய்விட்டது.

அவள் ஒரு ஸ்டிக்கரை உரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தாளைவிடச் சற்றுத் தடிமன். உள்ளே வெள்ளி நிறத்தில் மடிந்து மடிந்து ஓடும் கோடு. நடுவில் கடுகைவிடச் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி. திருப்பிப் பார்த்தாள், தடவிப் பார்த்தாள். கம்பெனிக்காரருக்குப் போன் போட்டாள்.

"சார், இதுல பேட்டரியே இல்லையே. பேட்டரி தனியா வருமா?"

எதிர்முனையில் தூங்கி எழுந்தது போன்ற குரல். அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார் என்பது பிறகு தெரிந்தது. "பேட்டரி கிடையாதுங்க. தேவையும் இல்ல. பாய்க்குள்ள ஆன்டெனா இருக்கு. ரீடர் பெட்டி அது வழியா ரேடியோ அலையை அனுப்பும். அந்த அலையில இருக்கிற துளியூண்டு சக்தியை வாங்கிக்கிட்டு அந்தக் கறுப்புச் சில்லு முழிச்சுக்கும். தன் நம்பரைச் சொல்லும். அலை நின்னா திரும்பத் தூங்கிடும்."

"அந்த வெள்ளிக் கோடு?"

"அதுதான் அதோட ஆன்டெனா. காதும் அதுதான், வாயும் அதுதான்."

போனை வைத்த பிறகும் அவளுக்கு மனசு அடங்கவில்லை. கேட்பது சரி, முழித்துக்கொள்வதும் சரி. சொந்தமாகச் சக்தியே இல்லாத பொருள் எப்படித் திருப்பிப் பேசும்? மதியம் வந்த வக்கீல் குமாஸ்தாவின் தாளைத் தலைகீழாகப் போட்டுப் பிரதி எடுத்துக் கொடுத்தாள். சாப்பாட்டு மேசையில் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். அவர் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டபடியே கேட்டார், பிறகு தோளைக் குலுக்கினார்.

"இதுல என்ன பெரிய விஷயம்? மலைரோட்டுல வளைவுக்கு வளைவு அம்புக்குறி போட்டுப் பலகை நட்டிருப்பான். அதுல பல்பா இருக்கு? என் ஹெட்லைட் பட்டா பளிச்சுன்னு எனக்கே திருப்பிக் காட்டும். என் வெளிச்சத்தை வாங்கி எனக்கே சேதி சொல்லும். வெளிச்சம் நகர்ந்துட்டா அது இருக்கிற இடமே தெரியாது."

அவள் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்னங்க, இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் இன்னொரு தடவை சொன்னார். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வெளிச்சத்துக்குப் பதில் ரேடியோ அலை, பலகைக்குப் பதில் ஸ்டிக்கர். ரீடர் அனுப்பும் அலையையே விட்டு விட்டுத் திருப்பி அடித்துத் தன் நம்பரைச் சொல்கிறது. பலகை எல்லோருக்கும் ஒரே சேதி சொல்லும், ஸ்டிக்கர் ஒவ்வொன்றும் தன் நம்பரை மட்டும் சொல்லும். அவ்வளவுதான் வித்தியாசம். கம்பெனிக்காரரிடம் கேட்டபோது, "கிட்டத்தட்ட அதேதாங்க, நானே இனிமே அப்படிச் சொல்றேன்" என்றார். அவள் புருஷனைப் பெருமையாகப் பார்த்தாள். அவர் இன்னொரு ரொட்டி கேட்டார்.

மறுநாளிலிருந்து கடையில் பாதி நேரம் ஜெராக்ஸ், பாதி நேரம் ஆராய்ச்சி என்றாயிற்று. கறுப்பு ரப்பர் பாயைத் தரையில் விரித்து, செருப்புப் பெட்டி அளவிலிருந்த ரீடரோடு வயரை இணைத்து, லேப்டாப்பைத் திறந்தாள். ஒரு ஸ்டிக்கரைக் காட்டினாள். 'பீப்' என்று சத்தம் வந்து திரையில் நீளமான எண் ஒன்று குதித்தது. அவளும் குதித்தாள். ஸ்டிக்கருக்கு ஓடுபவரின் பெயர் தெரியாது, தன் நீள எண் மட்டும்தான் தெரியும் என்பது அப்போதுதான் புரிந்தது. இந்த நீள எண்தான் இந்த நெஞ்சு நம்பர், அதுதான் இன்னார் என்று முடிச்சுப் போடுவது மனிதர் வேலை. ஒவ்வொரு தாளாகப் பாய்மேல் காட்டி முடிச்சுப் போட ஆரம்பித்தாள்.

இரண்டு நாள் ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவது நாள் முடித்த தாள்களையெல்லாம் அடுக்கி, இடமில்லாததால் பாய்க்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு ரீடரைப் போட்டாள். அவ்வளவுதான். பீப் பீப் பீப் என்று கடையே அலறியது. திரையில் பெயர்கள் மழை மாதிரி கொட்டின. ஒருவர்கூட ஓடாமல் முன்னூறு பேர் பந்தயத்தை முடித்துவிட்டார்கள். அதில் முதலாவதாக வந்திருந்தவர் அவள் புருஷன்.

அதையும் சொல்லியாக வேண்டும். டாக்டர் நடக்கச் சொல்லி மூன்று வருடமாகியும் அவர் டிரைவர் இருக்கையை விட்டு எழவில்லை. விசில் டீச்சர் தம்பியைக் கேட்காமலே அவர் பெயரைப் பதிவு செய்திருந்தார். செய்தி கேட்டு அவர் முகத்தில் ஈயாடவில்லை. இப்போது கடைக்குள் எட்டிப் பார்த்து, திரையில் தன் பெயரைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது.

"முதல் பரிசு நமக்கா! அப்ப நான் ஓட வேண்டாமே!"

"ஆசையைப் பாரு! தாள் அங்க கிடக்கு, நீங்க இங்க நிக்கிறீங்க. அது தாளைத்தாங்க பாக்குது, ஆளை இல்ல." சொல்லிவிட்டு அவளே ஒரு கணம் நின்றாள். ஆமாம், அது தாளைத்தான் பார்க்கிறது. அப்படியானால் பந்தய நாளில் மிச்சத் தாள்களைப் பாய்ப்பக்கம் யாரும் கொண்டுவரக் கூடாது. ஓடி முடித்தவர்கள் கோட்டருகே நின்று அரட்டை அடிக்கக் கூடாது. உடனே நாத்தனாருக்குப் போன். அப்படியே இன்னொரு கேள்வியும் முளைத்து, கம்பெனிக்காரருக்கும் போன்.

"சார், ஒரே நேரத்துல நூறு பேர் மிதிச்சா நூறு ஸ்டிக்கரும் ஒண்ணாக் கத்தாதா?"

"கத்தும். அதனால ரீடர் முதல்ல ஒரு கட்டளை போடும். ஆளுக்கொரு டோக்கன் எடுத்துக்கோங்க, உங்க டோக்கன் வரும்போது மட்டும் பேசுங்கன்னு. ரெண்டு பேர் ஒரே டோக்கன் எடுத்து முட்டிக்கிட்டா அவங்களுக்கு மறுபடி டோக்கன். இதெல்லாம் நீங்க கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும்."

சாயங்காலம் இதை அவள் விசில் டீச்சரிடம் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். அவர் பெருமூச்சு விட்டார். "இருபத்தஞ்சு வருஷமா பள்ளிக்கூடத்துல நானும் அதைத்தான் சொல்லிட்டிருக்கேன். ஒண்ணாவது கேட்டிருக்கா?"

அடுத்தது ஓட்டிப் பார்க்கும் சோதனை. ஓட ஆள் வேண்டும். டிரைவர் பனியனில் தாளைக் குத்திக்கொண்டு தெருமுனையிலிருந்து ஓடிவந்தார். ஓடிவந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாயைத் தாண்டினார். சத்தமில்லை. திரும்பத் தாண்டினார். சத்தமில்லை. காய்கறிக் கடைக்காரர், சலூன்காரர் எல்லோரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். ஐந்தாவது தடவையும் சத்தமில்லை. அவர் வியர்த்து வழிந்து கடைப்படியில் சாய்ந்தார்.

"தாளைக் கழட்டிக் குடுங்க." வாங்கிக் கையில் பிடித்துப் பாய்மேல் காட்டினாள். பீப்.

"திரும்பக் குத்துங்க." குத்தினார். நடந்தார். ஒன்றுமில்லை.

அவள் புருஷனின் வயிற்றையே உற்றுப் பார்த்தாள். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, தாள் பனியனோடு ஒட்டியிருந்தது. "கோளாறு உங்க தொப்பைலதாங்க இருக்கு."

"ஊரே நிக்குது, இங்க வச்சு என் தொப்பையைக் குறை சொல்றியா?"

அவள் கேட்கவில்லை, உள்ளே ஓடியிருந்தாள். ஒரு காலிப் பிளாஸ்டிக் பாட்டிலில் ஸ்டிக்கரை ஒட்டிப் பாய்க்கு மேலே பிடித்தாள். பீப். அதே பாட்டிலைத் தண்ணீரால் நிரப்பினாள். ஊமை. தண்ணீரைக் கொட்டினாள். பீப். வேகமாக இன்னொரு ஸ்டிக்கரை எடுத்துப் பைண்டிங் கருவியின் இரும்பில் ஒட்டினாள். ஊமை. ஒரு துண்டு அட்டையை இடையில் வைத்துத் தள்ளிப் பிடித்தாள். லேசாகப் பீப். தண்ணீர் அலையைக் குடித்துவிடுகிறது, இரும்பு அதைத் திருப்பி அடித்துக் குழப்பிவிடுகிறது. மனித உடம்பு என்பது வேறென்ன, நடமாடும் தண்ணீர்க்குடம்தானே! யாரும் சொல்லித் தராமல் தானாகக் கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தில் அவளுக்குக் காது சூடாயிற்று. கம்பெனிக்காரரைக் கூப்பிட்டு, பெரிய ரகசியத்தை உடைக்கும் குரலில் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "ரொம்பச் சரிங்க. அதுக்குத்தானே நுரைப்பட்டை அனுப்பியிருக்கேன். ஸ்டிக்கருக்குப் பின்னால ஒட்டினா உடம்புக்கும் அதுக்கும் நடுவுல விரல்கனம் இடைவெளி கிடைக்கும். குறிப்புத்தாள்ல மூணாவது பக்கம் படமே போட்டிருக்கேனே, பாக்கலையா?"

அந்தக் குறிப்புத்தாளைச் சங்கத்து ஆட்களுக்காக நாற்பது பிரதி எடுத்துக் கொடுத்தது அவள்தான். ஓரம் வெட்டுப்படாமல் அழகாக விழுந்திருந்தது. படிக்கவில்லை. நுரைப்பட்டைப் பெட்டி எங்கே என்று தேடினாள். ஒரு வாரமாகக் காலை நீட்டி வைத்துக்கொண்டிருந்த பெட்டி அதுதான்.

அவள் சிரித்த சிரிப்பில் சலூன்காரர் கத்தரிக்கோலோடு வெளியே வந்துவிட்டார்.

சனிக்கிழமை பள்ளிக்கூட விளையாட்டறையில் எல்லோருமாக உட்கார்ந்து பட்டை ஒட்டினார்கள். டிரைவரின் டிப்போ நண்பர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் டிப்போ மெக்கானிக் ஒருவர். ஒரு போல்ட் போடும் இடத்தில் மூன்று போல்ட் போடுகிற ஜாக்கிரதைக்காரர். பாதித் தூரத்தில் ஆட்கள் திரும்பும் இடத்திலும் ஒரு பாய் விரிக்க வேண்டும். யாராவது நடுவிலேயே திரும்பி ஏமாற்றிவிடக் கூடாதல்லவா? அந்த இடத்தை அவர் பொறுப்பில் விட்டார்கள். சாயங்காலம் கம்பெனிக்காரர் வந்து சேர்ந்தார். தூங்கும் குரலுக்குப் பொருத்தமில்லாத துறுதுறு கண்கள். வந்ததும் வராததுமாக ஒரு ஈரத்துணியில் ஸ்டிக்கரைச் சுற்றி அவளுக்கு இன்னொரு வேடிக்கை காட்டினார். டீச்சர் விசில் ஊதும்வரை இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அதிலேயே கிடந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது வானம் மூட்டமாக இருந்தது. லேசான தூறல். மைதானத்து வாசலில் பாய், அதற்கு இரண்டு பக்கமும் தடுப்பு, ஓரத்துப் பந்தலில் மேசை, மேசைமேல் லேப்டாப். கம்பெனிக்காரர் நடுவில், அவள் பக்கத்தில். தெரு முழுக்க மனிதத் தலைகள். ஒலிபெருக்கியில் பாட்டு. விசில் டீச்சர் மேடையேறி ஊதினார்.

முதல் வரிசை பாயை மிதித்தது. பீப் என்று தனித்தனியாகக் கேட்கவில்லை, ஒரே நீளமான கீச்சென்ற சத்தம், ஆயிரம் குருவிகள் ஒன்றாக வாயைத் திறந்த மாதிரி. திரையில் பெயர்கள் பாய்ந்தன. தான் அச்சடித்த எண்கள், தான் ஒட்டிய ஸ்டிக்கர்கள், தான் முடிச்சுப் போட்ட பெயர்கள், எல்லாம் கால் முளைத்து ஓடின. கூட்டத்தின் வாலில் அவள் புருஷன் போனார். அவர் பெயரும் வந்தது. அவள் நாற்காலியில் இல்லை, எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

ஓட்டக்காரர்களுக்கு நல்ல தூரம் முன்னால் வழிகாட்டியாக ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. ஓட்டியவர் சட்டையில் சோதனைக்காக ஒரு ஸ்டிக்கர் குத்தியிருந்தார்கள். அவர் திருப்பத்தைக் கடந்ததும் திரையில் ஒரு வரி வர வேண்டும். அவள் காத்திருந்தாள். வரவில்லை. வழிகாட்டி போனில் கூப்பிட்டு, "திரும்பிட்டேன், முதல் ஆள் எனக்கு நல்லாப் பின்னால வர்றான்" என்றார். அப்போதும் வரவில்லை.

மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். பின்னணியில் தாரை தப்பட்டை.

"என்ன அண்ணே, பெட்டில விளக்கு எரியுதா?"

"எரியுதும்மா! பச்சை விளக்கு ஜம்முனு எரியுது! ஒண்ணும் கவலைப்படாதே, மழைத் தண்ணி படாம, யாரும் தடுக்கி விழாம, பத்திரமா மூடி வச்சிருக்கேன்!"

"எதை மூடினீங்க? எதால மூடினீங்க?"

"என்னது? கேக்கலம்மா! சத்தமா இருக்கு!" போன் அறுந்தது. மறுபடி போட்டாள், அவர் எடுக்கவில்லை.

கம்பெனிக்காரர் எழுந்தார். "நான் போறேன்."

"நீங்க போனா இங்க ஏதாவது ஆச்சுன்னா யார் பாக்கிறது? எனக்குக் குறுக்கு வழி தெரியும் சார். உக்காருங்க." காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவள் மாதிரி ஓடி, ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

மார்க்கெட்டுக்குப் பின்சந்து, அச்சகத்துக்குப் பக்கத்து முடுக்கு, பள்ளிக்கூட மதிலோரம். தூறல் கண்ணில் அடித்தது. ஒரு நாய் விலகியது, ஒரு பால்வண்டி விலகவில்லை, இவள் விலகினாள். முதல் ஆள் எங்கே வந்திருப்பான், பாலம் தாண்டியிருப்பானா என்று மனம் அவளுக்கு முன்னால் ஓடியது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் அந்தப் பயத்துக்கு அடியில் ஒரு குதூகலம். என்ன கோளாறு என்று அவளுக்குத் தெரியும் போலிருந்தது. தெரிந்த ஒன்றை நோக்கி அவள் பறந்துகொண்டிருந்தாள்.

மெயின் ரோட்டில் வந்து விழுந்தபோது திருப்பம் தெரிந்தது. சாலைக்குக் குறுக்கே, பாய் இருக்க வேண்டிய இடத்தில், பளபளவென்று ஒரு நீளமான இரும்புத் தகடு. நாலு மூலையிலும் செங்கல் வைத்து அசையாமல் அழுத்தியிருந்தது. பக்கத்தில் மெக்கானிக் பெருமையாக நின்றார்.

"இரும்பை எடுங்க அண்ணே! இரும்பை எடுங்க!"

"இது டிப்போ தகடும்மா, லாரி ஏறினாலும் ஒண்ணும் ஆகாது."

"லாரி ஏறும், அலை ஏறாது! எடுங்க!"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் கேள்வி கேட்கவில்லை. செங்கலைக் காலால் தள்ளினார். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். தகடு கனத்தது. தாரை வாசித்துக்கொண்டிருந்தவர் தாரையை வைத்துவிட்டு வந்து நடுவில் பிடித்தார். தகட்டைச் சாலையோரம் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பியபோது வளைவில் முதல் ஆள் தெரிந்தான். நெட்டையான ஒல்லி இளைஞன், முகத்தில் தூறல் வழிய, நாலு கால் பாய்ச்சலில் வந்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவன் பாதம் பாயில் விழுந்தது.

பீப்.

"வந்துட்டான்!" என்று கத்திக்கொண்டு அவள் மெக்கானிக்கின் கையைப் பிடித்து உலுக்கினாள். அவர் பேயறைந்த மாதிரி நின்றார். இரண்டாமவன், மூன்றாமவள், பிறகு கொத்துக் கொத்தாக. ஒவ்வொரு பீப்புக்கும் அவள் தலையாட்டினாள். போன் அடித்தது. கம்பெனிக்காரர். தூக்கக் குரல் போன இடம் தெரியவில்லை. "வருதுங்க! எல்லாம் வருது! என்ன பண்ணீங்க?"

"பாய்க்குப் போட்ட இரும்புத் தொப்பியைக் கழட்டினோம் சார்!"

மெக்கானிக்குக்கு விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. "நான் நல்லதுன்னு நினைச்சேன்மா." "நானும்தான் அண்ணே நுரைப்பட்டைப் பெட்டி மேல காலை நீட்டிட்டிருந்தேன். விடுங்க" என்றாள். அதற்குள் டிரைவர் வந்துவிட்டார். சாலையில் பாதியை அடைத்துக்கொண்டு, நாக்கு வெளியே தள்ள, ஆனால் ஓடிக்கொண்டேதான். பாயை மிதித்தார். காது கொடுத்துக் கேட்டார். பீப்.

"என் தொப்பை பேசுதுடீ!" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினார்.

அவள் மைதானத்துக்குத் திரும்பியபோது முடிவுக் கோட்டில் ஆரவாரம். இந்த வருடமும் மூன்றாம் இடத்துக்கு இரண்டு பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டுதான் வந்தார்கள். இந்த முறை யாரும் யாரையும் சுற்றி வளைக்கவில்லை. பெரிய திரையில் இரண்டு பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. நாலாம் இடம் வந்தவர் திரையை ஒருமுறை பார்த்தார், மூன்றாம் இடத்துக்காரரின் முதுகைத் தட்டினார். விசில் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூறல் என்றார்.

டிரைவர் வர வெகுநேரம் ஆயிற்று. பாட்டை நிறுத்தியாயிற்று, தடுப்புகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள். "இன்னும் எட்டுப் பேர் பாக்கி. இவர் திருப்பத்துல பதிவாயிருக்கார். இங்க இன்னும் பதிவாகல. நடுவுல எங்கயோ வந்துட்டிருக்கார்" என்று சொல்லி அவள் பாயைச் சுருட்ட விடவில்லை. இரண்டு பாய்களுக்கு நடுவில் ஆள் எங்கே இருக்கிறார் என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. கடந்த வாசல் மட்டும்தான் தெரியும். மிச்சத்துக்கு மனிதர்தான் எட்டிப் பார்க்க வேண்டும். எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒருவழியாக வந்தார். ஓடவில்லை, நடந்தார். ஆனால் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் தன் அக்கா விசில் டீச்சரைப் பார்த்ததும் வீம்பாக ஓடினார். அவர் போனில் பெயரும் நேரமும் இடமும் குறுஞ்செய்தியாக வந்து விழுந்தன. அவருக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர் வர வேண்டியிருந்தது. "ஏழு பேரை ஜெயிச்சிருக்கேன்" என்று டிப்போ முழுக்க ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கம்பெனிக்காரர் கிளம்பும்போது கேட்டார். "வெளியூர்ப் பந்தயங்களுக்கு எனக்கு ஆள் இல்லாம திண்டாடுறேன். ஞாயித்துக்கிழமைகள்ல வர முடியுமாங்க?"

அவள் புருஷனைப் பார்க்கவில்லை, நாத்தனாரையும் பார்க்கவில்லை. "முடியும்" என்றாள். பிறகுதான் இரண்டு பேரையும் பார்த்தாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கடை சாத்தியிருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் ஓட்டம், மருத்துவமனை ஊழியர்களின் நடை, ஒருமுறை ஒரு பெரிய நூலகத்தில் புத்தகங்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. அங்கே காணாமல் போனதாக எழுதிவிட்ட அகராதி ஒன்று, கைக்கருவியை நீட்டியதும் சமையல் புத்தகங்களுக்கு நடுவிலிருந்து பதில் சொன்னது. அந்த நூலகரும் இவளும் கட்டிப்பிடித்துக்கொள்ளாத குறை. ஒவ்வொரு இடத்திலும் ஏதாவது ஒன்று தப்பாகப் போகும், ஏதாவது ஒன்று புதிதாகத் தெரியும். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்லி முடிக்கும்வரை அவளுக்கு இருப்புக்கொள்ளாது.

போன வாரம் ஒரு வழக்கு மூட்டையைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அடுத்த மாசம் ஏரியில நீச்சல் போட்டிங்க. வர்றீங்களா?"

"நீச்சலா? சார், தண்ணிதான் அதுக்கு எமனாச்சே!"

"நம்ம ஸ்டிக்கருக்கு எமன். இது வேற. அலையோட துடிப்பு வேகத்தைக் குறைச்சிட்டா தண்ணிக்குள்ளயும் கேக்கும். ஆனா ரொம்பக் கிட்டப் போகணும். கணுக்கால்ல பட்டை கட்டுவாங்க. பழசெல்லாம் மறந்துட்டு முதல்லேருந்து கத்துக்கணும்."

மிஷின் தாளைக் கக்கிக்கொண்டே இருந்தது. வக்கீல் குமாஸ்தா மேசையைத் தட்டினார். அவள் அவரைக் கையமர்த்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"குறைச்சா எப்படி சார் கேக்கும்? மெதுவாச் சொல்லுங்க. ஒண்ணும் அவசரமில்ல."